நீலம் மறைந்தால் சர்க்கரை வந்துவிட்டதா?

(ஒரு நூலக வாசகர் வட்டத்தின் கூட்டத்தில், செய்முறை விளக்கத்தோடு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்கும் முன் ஒரு வேலையைத் தொடங்கிவிடுகிறேன். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். மேசையில் நான்கு சோதனைக் குழாய்கள் நிற்கின்றன. நான்கிலும் ஒரே அளவு மாவுக் கரைசல். ஒரு கிராம் மரவள்ளி மாவை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, காய்ச்சி, நன்றாக ஆறவைத்தது. முதல் குழாயில் என் உமிழ்நீரைத் தண்ணீர் கலந்து விடுகிறேன். இரண்டாவதிலும் அதே உமிழ்நீர்தான். ஆனால் முன்பே கொதிக்கவைத்து ஆற்றியது. மூன்றாவதில் வெறும் தண்ணீர். இந்த மூன்றும் 37 டிகிரி வெதுவெதுப்பில் இருக்கும் பாத்திரத்துக்குள் போகின்றன. நான்காவதிலும் முதல் குழாயில் விட்ட அதே உமிழ்நீர். அது மட்டும் ஐஸ்கட்டிகளுக்கு நடுவே நிற்கும்.

மணி பார்க்க ஒரு மாணவி முன்வந்திருக்கிறார். நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் இருக்கும் அயோடின் சொட்டோடு சேர்ப்பார். அவர் பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கட்டும். நாம் பேசுவோம்.

எச்சில் பட்டதைத் தொடாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதனால் பள்ளி ஆய்வகத்தில் இந்தச் செய்முறை வரும்போது யார் உமிழ்நீர் தருவது என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள். கடைசியில் ஒரு துணிச்சல்காரன் துப்புவான். மற்றவர்கள் அவன் நோட்டைப் பார்த்து முடிவை எழுதிக்கொள்வார்கள். “நீல நிறம் மறைந்தது, எனவே மாவுச்சத்து சர்க்கரையாக மாறியது.” இந்த ஒரு வரியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து கொஞ்சம் உலுக்கிப் பார்க்க வந்திருக்கிறேன். அதில் முதல் பாதி கண்ணால் கண்டது. இரண்டாம் பாதி காணாதது.

முதலில் அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1811இல் பிரான்சில் பெர்னார்ட் கூர்ட்வா என்பவர் வெடியுப்பு தயாரிக்கும் தொழிலில் இருந்தார். நெப்போலியன் காலம்; போருக்கு வெடிமருந்து வேண்டும். கடற்பாசியை எரித்த சாம்பலில் அவர் அமிலத்தைக் கொஞ்சம் அதிகமாக ஊற்ற, ஊதா நிறத்தில் புகை எழுந்தது. அது குளிர்ந்து கருமையான படிகமானது. அதுதான் அயோடின். மூன்றே ஆண்டில், 1814இல், கோலன், கோத்தியே த கிளோப்ரி என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் மாவோடு அது சேர்ந்தால் ஆழ்ந்த நீலம் வருவதைப் பதிவு செய்தார்கள். இருநூறு ஆண்டு கடந்தும் அந்தச் சோதனை கிட்டத்தட்ட அப்படியே புழக்கத்தில் இருக்கிறது. இவ்வளவு மலிவாக, இவ்வளவு கூர்மையாக வேலை செய்யும் சோதனைகள் வேதியியலில் நிறைய இல்லை.

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கைகோத்த நீண்ட சங்கிலி. அதில் இரண்டு வகை உண்டு. கிளை விடாமல் நீளமாகப் போகும் வகைக்கு அமைலோஸ் என்று பெயர். மரம்போல் கிளைக்கும் வகை அமைலோபெக்டின். நாம் உண்ணும் பெரும்பாலான தானிய, கிழங்கு மாவுகளில் அமைலோஸ் ஏறத்தாழ கால் பங்கு. மீதி கிளைத்த வகை. அமைலோஸ் சங்கிலி நேராகக் கிடப்பதில்லை. பேனாவுக்குள் இருக்கிற ஸ்பிரிங்போலச் சுருண்டு நிற்கும். ஒரு சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ். அந்தச் சுருளின் நடுவே இருக்கிற குழிவில் அயோடின் அணுக்கள் வரிசையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படி வரிசையாக உட்கார்ந்த அயோடின் ஒளியில் ஆரஞ்சு, சிவப்புப் பகுதியை விழுங்கிவிடும். நம் கண்ணுக்கு மிஞ்சுவது நீலம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அயோடின் அடையாளம் காண்பது குளுக்கோஸை அல்ல, அந்தச் சுருளை. சுருள் நீளமாக இருந்தால் நீலம். அதை வெட்டிக் குட்டையாக்கினால் ஊதா. இன்னும் குட்டையானால், அதாவது இருபது முப்பது குளுக்கோஸ் அளவுக்கு வந்தால், சிவப்பு கலந்த பழுப்பு. பன்னிரண்டுக்கும் கீழே போய்விட்டால் நிறமே இல்லை. அமைலோஸ் ஏறக்குறைய இல்லாத ஒட்டரிசி மாவில் அயோடினை விட்டால், மாவு நிறைய இருந்தும் நீலம் வராது, செம்பழுப்புதான் வரும். கிளைகள் குட்டையாக இருப்பதே காரணம்.

சுருளைக் கலைத்தாலும் நிறம் போகும். நீலமான குழாயைச் சூடாக்குங்கள், நிறம் ஓடிவிடும். ஆறவிடுங்கள், திரும்ப வந்து நிற்கும். மாணவர்கள் கையில் இது ஒரு கண்ணிவெடி. காய்ச்சிய மாவை ஆறவைக்காமலே அயோடினைச் சொட்டிவிட்டு “நிறம் வரவில்லை, மாவுச்சத்து இல்லை” என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் முன்னால் இருந்தது முழுக்க முழுக்க மாவு.

சமையலறைப் பக்கம் ஒரு நடை போய்வருவோம். பாலில் தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறையும், பால்மானி காட்டிக்கொடுத்துவிடும். அதை மறைக்க மாவு கலப்பதுண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைகளில் இதையும் சேர்த்திருக்கிறது. பாலில் இரண்டு மூன்று சொட்டு டிங்சர் அயோடின் விட்டால் போதும். பனீர், கோவா போன்றவற்றைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றிய பிறகு விட வேண்டும். நீலம் வந்தால் மாவு இருக்கிறது. பாலுக்குள் மாவு தானாக வர வழியே இல்லை. ஆகவே அங்கே நீலத்துக்குப் பொருள் ஒன்றுதான்.

மஞ்சள்தூளில் இதே சோதனையைச் செய்துவிட்டு “கலப்படம்” என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். மஞ்சள் கிழங்கிலேயே மாவு உண்டு. கூட்டுப் பெருங்காயத்திலும் நீலம் வரும். அதில் மாவு சேர்ப்பது டப்பாவின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். எந்தப் பொருளில் மாவு இருக்கக் கூடாதோ அந்தப் பொருளில்தான் அயோடின் சாட்சி சொல்ல முடியும். சோதித்த பாலைக் கீழே கொட்டிவிடுங்கள், குடிக்க வேண்டாம்.

இதே உறவைத் திருப்பிப் போட்டும் பயன்படுத்துகிறோம். தூத்துக்குடி உப்பளத்திலிருந்து வரும் உப்பில் அயோடின் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று கள ஊழியர்கள் பார்ப்பது மாவுக் கரைசலை வைத்துத்தான். உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட். சோதனைக் கரைசலில் மாவோடு சிறிது அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் இருக்கும். அவை சேர்ந்து அயோடினை விடுவிக்க, உப்பு நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்ந்திருக்கிறதோ அவ்வளவு அயோடின். வீட்டுக்கு வந்து சேரும்போது பத்து லட்சத்துக்கு 15 பங்காவது இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி.

இப்போது தட்டைப் பார்ப்போம். மாணவி தட்டைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டட்டும். முதல் குழாயின் வரிசையில் தொடக்கத்துச் சொட்டு கருநீலம். அடுத்தடுத்து ஊதா, செம்பழுப்பு. கடைசிச் சொட்டு அயோடினுடைய சொந்த வெளிர்மஞ்சள். கொதித்த உமிழ்நீர் விட்ட இரண்டாவது வரிசை முழுக்க நீலம். தண்ணீர் விட்ட மூன்றாவதும் நீலம். ஐஸில் நின்ற நான்காவதும் இதுவரை நீலம்தான். அந்த நான்காவதை இப்போது வெதுவெதுப்பான பாத்திரத்துக்கு மாற்றுகிறேன். இரண்டாவதை எங்கே வைத்தாலும் மாறாது. கொதிநீரில் அதன் கதை முடிந்துவிட்டது. நான்காவது இனிமேல்தான் வேலையைத் தொடங்கும். உமிழ்நீரில் மாவை வெட்டுகிற நொதி குளிரில் மந்தமாகிறது, கொதியில் அழிகிறது. இந்த வேறுபாட்டைக் காட்ட இரண்டு குழாயும் வேண்டும்.

உமிழ்நீருக்கு இந்தத் திறன் உண்டு என்பதை 1831இல் ஜெர்மானியரான லாய்க்ஸ் எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து 1833இல் பாரிஸில் பாயன், பெர்சோ இருவரும் முளைகட்டிய பார்லியிலிருந்து மாவைக் கரைக்கும் ஒரு பொருளைச் சாராயம் சேர்த்துப் படியவைத்துப் பிரித்தெடுத்தார்கள். டயஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். மால்டேஸ், லிபேஸ், புரோட்டியேஸ் என்று இன்று நாம் சொல்கிற நொதிப் பெயர்களின் வால் அங்கிருந்து வந்தது. உமிழ்நீரில் இருப்பது அமைலேஸ். பழைய பாடநூல்களில் டயலின் என்று படித்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள், இரண்டும் ஒன்றே. வேலை செய்ய அதற்குக் கால்சியமும் குளோரைடும் வேண்டும், ஏறத்தாழ நடுநிலையான சூழல் வேண்டும். மூன்றுமே வாயில் தயாராக இருக்கின்றன.

சரி, நீலம் மறைந்தது. சர்க்கரை வந்துவிட்டதா?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஆயிரம் குளுக்கோஸ் கொண்ட ஒரு சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 999 இணைப்புகள். உமிழ்நீர் அமைலேஸ் நுனியிலிருந்து கொறிக்கிற நொதி அல்ல. சங்கிலியின் நடுவே எங்கு வேண்டுமானாலும் வெட்டும். சீராக ஓர் ஐம்பது வெட்டு விழுந்தால் சராசரியாக இருபது குளுக்கோஸ் கொண்ட துண்டுகள் கிடைக்கும். இருபதுக்கு நீலம் கிடையாது என்று சற்றுமுன் பார்த்தோம். ஆக, நூற்றுக்கு ஐந்து இணைப்பு அறுந்தாலே அமைலோஸின் நீலம் போய்விட்டது. மீதி 95 பங்கு அப்படியே இருக்கிறது. அந்தக் கட்டத்தில் குழாயில் இருப்பது பெரும்பாலும் டெக்ஸ்ட்ரின் என்கிற துண்டுகள். நாக்குக்கு இனிக்கிற மால்டோஸ் கொஞ்சம்தான். நீலம் மறைவது செரிமானத்தின் தொடக்க மணி. முடிவு இன்னும் எங்கோ இருக்கிறது.

நுனியிலிருந்து இரண்டிரண்டாகக் கொறிக்கும் நொதியும் இருக்கிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்கிலும் முளைகட்டிய பார்லியிலும் உள்ள பீட்டா அமைலேஸ் அப்படித்தான். அதை மாவில் விட்டால் சர்க்கரை மளமளவென்று சேரும். நீலமோ பிடிவாதமாக நெடுநேரம் நிற்கும், ஏனென்றால் மிச்சமிருக்கும் சங்கிலி இன்னும் நீளமாகவே இருக்கிறது. ஒரே மாவு, இரண்டு நொதி. ஒன்றில் நிறம் போய்ச் சர்க்கரை குறைவு. மற்றதில் சர்க்கரை வந்தும் நிறம் போகவில்லை. நிறத்தை வைத்துச் சர்க்கரையைக் கணக்கிடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சர்க்கரை வந்ததா என்று சர்க்கரையைத்தான் கேட்க வேண்டும். அதற்கு இருக்கவே இருக்கிறது பெனடிக்ட் கரைசல். ஒரு காலத்தில் சர்க்கரை நோயாளிகள் வீட்டில் சிறுநீரைச் சோதித்துப் பார்த்த அதே நீலக் கரைசல், மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். குழாயிலிருந்து கொஞ்சம் எடுத்து இதோடு சேர்த்துக் கொதிநீரில் வைத்தால், சர்க்கரையின் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று படிப்படியாக மாறும். முதல் குழாயில் நீலம் மறைந்தவுடனே எடுத்த பகுதி இதோ. பச்சை தட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அதே குழாயை உரை முடிகிறவரை வெதுவெதுப்பில் விட்டு மறுபடி சோதிப்போம். நிறம் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று நீங்களே பாருங்கள். மூன்றாவது குழாயின் பகுதி பெனடிக்டின் நீலத்திலேயே நிற்கிறது. மாவு தனியாக இந்தச் சோதனைக்கு மசியாது.

இன்னும் சில குழிகள் உண்டு. அமிலத்தில் நொதி வேலை செய்யுமா என்று பார்க்க எலுமிச்சைச் சாறு பிழிகிறார்கள். நிறம் உடனே காணாமல் போகும். “அமிலத்தில் செரிமானம் அதிவேகம்” என்று எழுதிவிட்டால் உண்மைக்கு நேர் எதிர். எலுமிச்சையில் இருக்கிற வைட்டமின் சி அயோடினையே அயோடைடாக மாற்றி நிறத்தைத் தின்றுவிட்டது. நீர்த்த வினிகர் பயன்படுத்துங்கள். காரத்திலும் இதே வம்பு. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் அயோடின் நிறமிழக்கும், மாவு பத்திரமாக இருக்கும். உமிழ்நீரில் உள்ள வேறு சில பொருள்களும் கொஞ்சம் அயோடினை விழுங்கக்கூடியவை. கொதித்த உமிழ்நீர்க் குழாயை வைத்திருப்பது இதற்காகவும்தான். அந்தப் பொருள்கள்தான் நிறத்தை அழித்தன என்றால் இரண்டாவது குழாயிலும் நிறம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அப்போதுதான் பழியோ புகழோ நொதிமேல் விழும்.

உடம்புக்குள் வருவோம். நமக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அமைலேஸில் பெரும்பகுதி காதுக்கு முன்னால் இருக்கும் சுரப்பியிலிருந்து வருவது. பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குவது அதுதான். அப்போது இரத்தத்திலும் அமைலேஸ் கூடும். கணையம் அழன்றாலும் கூடும். 1908இல் வோல்கெமுட் என்ற ஜெர்மானியர் இரத்தத்திலும் சிறுநீரிலும் இந்த நொதியை அளக்கக் கையாண்டது, இந்த மேசையில் இருக்கிற மாவும் அயோடினும்தான். கடும் வயிற்றுவலியோடு வருகிறவருக்கு இன்று மருத்துவர் எழுதித் தரும் அமைலேஸ் பரிசோதனையின் பாட்டனார் அது.

வாயில் சோறு எவ்வளவு நேரம் இருக்கிறது? நாம் சாப்பிடும் வேகத்துக்குச் சில விநாடி. அதற்குள் உடைபடும் மாவு மிகக் குறைவு. நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாது என்கின்றன உடலியல் பாடநூல்கள். இரைப்பையின் அமிலம் பட்டதும் நொதி செயலிழந்துவிடும். ஆனால் விழுங்கிய கவளத்தின் உட்புறத்தை அமிலம் எட்டக் கொஞ்ச நேரமாகும். அதுவரை உள்ளே அமைலேஸ் வேலை செய்துகொண்டே இருக்கும். பிறகு சிறுகுடலில் கணையத்தின் அமைலேஸ் பெரும்பங்கை முடிக்கிறது. கிளை பிரியும் முடிச்சுகளை இந்த இரண்டு அமைலேஸாலும் வெட்ட முடியாது. அவற்றையும் மால்டோஸையும் குளுக்கோஸாக்குவது குடல் சுவரில் பதிந்திருக்கும் வேறு நொதிகள். உமிழ்நீர் சரியாகச் சுரக்காதவர்களும் சோற்றைச் செரிக்கத்தான் செய்கிறார்கள்.

அதனால் “நொறுங்கத் தின்றால் நூறு வயது” என்பதற்கு அமைலேஸைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். நன்றாக மெல்வது நல்லது. விழுங்க எளிது, அடைக்காது. ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு முறை மென்றால் சர்க்கரை நோய் ஓடிப்போகும் என்று கைப்பேசியில் வருவதை நம்பி மருந்தை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மெல்ல மெல்ல மாவு முன்கூட்டியே உடையுமே தவிர மறைந்துவிடாது. உடைந்து வருவது குளுக்கோஸ்தான்.

அமைலேஸ் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. இதற்கான மரபணு முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. சிலரிடம் இரண்டு பிரதி, சிலரிடம் பத்துக்கும் மேல். மாவுணவு அதிகம் உண்டு வந்த மக்களிடம் சராசரிப் பிரதிகள் கூடுதல் என்று 2007இல் ஜார்ஜ் பெர்ரி குழுவினர் காட்டினார்கள். பிரதி குறைந்தால் உடல் பருக்கும் என்று 2014இல் ஓர் ஆய்வு வந்தது. அடுத்த ஆண்டே இன்னொரு குழு பார்த்துவிட்டு அப்படித் தொடர்பில்லை என்றது. அதற்குள் செய்தித்தாள்கள் முதல் ஆய்வைக் கொண்டாடி முடித்துவிட்டன.

நம் பாட்டிமார் நொதியைக் கையாண்ட இடம் ஒன்று உண்டு; அதைச் சொல்லாமல் விட மனமில்லை. பிறந்த குழந்தைக்குக் கணைய அமைலேஸ் முதல் சில மாதங்களில் மிகக் குறைவு. பிறகு கஞ்சி கொடுக்கத் தொடங்கும்போது இன்னொரு சிக்கல்: சத்து வேண்டுமென்று மாவைக் கூட்டினால் கஞ்சி கெட்டியாகிக் குழந்தை துப்பிவிடும், தண்ணீரைக் கூட்டினால் வயிறுதான் நிறையும், சத்து போகாது. கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, இலேசாக வறுத்து அரைத்த மாவில் முளைவிடும்போது உண்டான அமைலேஸ் இருக்கிறது. கெட்டிக் கஞ்சியில் அந்த மாவை ஒரு சிட்டிகை கலந்தால் சற்று நேரத்தில் கஞ்சி இளகி ஓடும். மாவு குறையவில்லை, நீண்ட சங்கிலிகள் வெட்டுப்பட்டன. முளைமாவைக் கருக வறுத்துவிட்டாலோ, கொதிக்கும் கஞ்சியில் கொட்டிவிட்டாலோ பலன் இல்லை. காரணம் நமது இரண்டாவது குழாயில் இருக்கிறது. கஞ்சி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு கலந்து, பிறகு ஒரு கொதி விட்டு ஆற்றிக் கொடுக்கலாம்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நேரமில்லை, குழாய் போதவில்லை என்று இந்தச் செய்முறையை ஒரே குழாயில் முடித்துவிடாதீர்கள். கொதித்த உமிழ்நீர்க் குழாயும் தண்ணீர்க் குழாயும் இல்லாத முடிவுக்கு மதிப்பெண் போடாதீர்கள். பெனடிக்ட் சோதனை செய்யாத மாணவர் “மாவுச்சத்து சர்க்கரையாக மாறியது” என்று எழுதினால் அந்த வரியை அடித்துவிட்டு, “அயோடினோடு நீலம் தரும் மாவுச்சத்து இப்போது இல்லை” என்று எழுதச் சொல்லுங்கள். அவரவர் உமிழ்நீரை அவரவரே கையாளட்டும். முடிந்ததும் குழாய்களை பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

நான்காவது குழாய் ஐஸிலிருந்து வெளியே வந்து நேரமாகிவிட்டது. வாருங்கள், வந்து ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள்.